பூனை மெலிந்திருக்கிறதா, மெலிந்துகொண்டே வருகிறதா? வீட்டிலேயே சோதித்து முடிவெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

தன் பூனை அளவுக்கு மீறி ஒல்லியாகிவிட்டதோ என்ற கவலை பூனை வளர்ப்பவர்கள் பலருக்கும் ஏதேனும் ஒரு கட்டத்தில் வருகிறது. அந்தக் கவலைக்குள் இரண்டு தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. பூனை ஒல்லியாக இருக்கிறதா என்பது முதல் கேள்வி. சில மாதங்களுக்கு முன்பு இருந்ததைவிட இப்போது இளைத்திருக்கிறதா என்பது இரண்டாவது. பிறவியிலேயே ஒல்லியான உடல்வாகு கொண்ட பூனைகள் பல ஆண்டுகள் நலமாக வாழ்கின்றன என்பதால், முதல் கேள்விக்கு ‘ஆம்’ என்று விடை வந்தாலும் அதனாலேயே அச்சப்பட வேண்டியதில்லை. ஆனால் இரண்டாவது கேள்விக்கு ‘ஆம்’ என்று விடை வந்து, நீங்கள் திட்டமிட்டு அதன் உணவைக் குறைக்கவும் இல்லை என்றால், பூனை எவ்வளவு சுறுசுறுப்பாகத் தெரிந்தாலும் காரணத்தைத் தேடியே ஆக வேண்டும். இந்த வழிகாட்டி இரண்டு கேள்விகளுக்கும் வீட்டிலேயே விடை காணும் முறையையும், விடை கிடைத்த பிறகு செய்ய வேண்டியவற்றையும் வரிசையாகச் சொல்கிறது.

முதல் படி: கையால் தொட்டுப் பார்ப்பது

பூனையின் உடல்நிலையைக் கண்ணால் மட்டும் பார்த்து மதிப்பிட்டால் பெரும்பாலும் தவறிவிடும். அடர்ந்த நீள முடி கொண்ட பூனை எலும்பும் தோலுமாகப் போன பிறகும் பருமனாகவே தோன்றும். அதற்கு நேர்மாறாக, பருத்த பூனைகளையே பார்த்துப் பழகிய கண்ணுக்குச் சரியான எடையில் உள்ள பூனை மெலிந்ததாகத் தெரியும். வீட்டுப் பூனைகளிடையே அதிக எடை இன்று மிகவும் பரவலாகிவிட்டதால் இந்தத் தோற்றமயக்கம் பலருக்கும் ஏற்படுகிறது. எனவே விருந்தினரோ உறவினரோ “என்ன, இப்படி ஒல்லியாக இருக்கிறதே” என்று சொன்னதை வைத்து உணவைக் கூட்ட வேண்டாம். முதலில் தொட்டுப் பாருங்கள்.

பூனை அமைதியாக நிற்கும்போதோ அமர்ந்திருக்கும்போதோ, அதன் பின்புறம் இருந்து இரண்டு உள்ளங்கைகளையும் விலாவின் இரு பக்கமும் மெல்ல வைத்து, அழுத்தாமல் முன்னும் பின்னும் நகர்த்துங்கள். விரல் நுனிகளுக்கு என்ன புலப்படுகிறது என்பதுதான் முக்கியம். இதற்கு உங்கள் கையையே அளவுகோலாகக் கொள்ளலாம். கையைத் தட்டையாக விரித்து, புறங்கையில் விரல்கள் தொடங்கும் இடத்தை மறுகை விரலால் தடவிப் பாருங்கள். மெல்லிய தசைக்கு அடியில் எலும்புகள் எளிதாகத் தட்டுப்படும். விலா எலும்புகள் அப்படித் தட்டுப்பட்டால் உடல்நிலை சரியாக உள்ளது. கையை முஷ்டியாக மடக்கியபோது மேலே துருத்தி நிற்கும் கணுக்களைப் போல விலா எலும்புகள் கூர்மையாகத் தட்டுப்பட்டால் பூனை மெலிந்திருக்கிறது. உள்ளங்கையின் சதைப்பகுதியைத் தடவும்போது எலும்பை அழுத்தித் தேட வேண்டியிருப்பதைப் போல இருந்தால் எடை கூடியிருக்கிறது.

அடுத்து, பூனை நிற்கும்போது நேர் மேலிருந்து பாருங்கள். விலாவுக்குப் பின்னால் இடுப்பு இலேசாகக் குறுகியிருப்பது இயல்பு. அந்தக் குறுகல் ஆழமாக உள்வாங்கி, இடுப்பெலும்பின் இரண்டு முனைகளும் வெளியே தெரிந்தால் அது இயல்பன்று. பிறகு பக்கவாட்டில் பாருங்கள். பின்னங்கால்களுக்கு முன்னால் அடிவயிற்றில் தொங்கும் தோல் மடிப்பைப் பலர் கொழுப்பு என்று எண்ணி, ‘வயிறு இருக்கிறதே, எப்படி மெலிந்திருக்கும்?’ என்று ஆறுதல் கொள்கிறார்கள். அந்த மடிப்பு பூனையினத்துக்கே உரிய உடலமைப்பு. ஒல்லியான பூனைக்கும் அது இருக்கும், நடக்கும்போது ஆடும். அதை வைத்து எடையை முடிவு செய்ய முடியாது.

கால்நடை மருத்துவர்கள் இந்தச் சோதனையை 1 முதல் 9 வரையிலான உடற்கட்டு மதிப்பெண்ணாகப் பதிவு செய்கிறார்கள். 5 என்பது மிகச் சரியான நிலை. 1 என்றால் குட்டை முடிப் பூனையில் விலா எலும்புகள் கண்ணுக்கே தெரியும், தொட்டால் கொழுப்பே இருக்காது, வயிறு ஒட்டிப் போயிருக்கும். 3 என்றால் விலாவின் மேல் மிக மெல்லிய கொழுப்புப் படலம் மட்டுமே இருக்கும், இடுப்புப் பகுதி முதுகெலும்புகள் தெளிவாகத் தெரியும். 4 என்பது சற்றே ஒல்லியான நிலை. மற்றபடி நலமாக இருந்து, எடையும் மாறாமல் இருந்தால் அது கவலைக்குரியதன்று. 3 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பதே பாதுகாப்பான முடிவு.

இரண்டாம் படி: தசையைத் தனியாகச் சோதிப்பது

கொழுப்பும் தசையும் ஒன்றாகவே கரைவதில்லை. நோயாலும் முதுமையாலும் தசை கரையும்போது, வயிற்றிலும் விலாவிலும் கொழுப்பு அப்படியே இருக்கக்கூடும். அத்தகைய பூனையைத் தூக்கினால் வயிறு கனமாக இருக்கும், முதுகைத் தடவினால் மட்டும் எலும்பு கரடுமுரடாகத் தட்டுப்படும். வீட்டில் பெரும்பாலும் தவறவிடப்படும் அடையாளம் இதுதான் என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

முதுகெலும்பின் இரு பக்கமும் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்துத் தோளிலிருந்து வால் வரை மெல்ல நகர்த்துங்கள். நலமான பூனையில் முதுகெலும்பின் இருபுறமும் உறுதியான தசை நிரம்பியிருக்கும். எலும்பின் முனை இலேசாகத் தட்டுப்படும், அவ்வளவே. தசை கரைந்திருந்தால் எலும்பின் இருபக்கமும் பள்ளமாக இருக்கும், முனைகள் ஒவ்வொன்றாக எண்ணும்படி இருக்கும். இதேபோலத் தோள்பட்டை எலும்பின் மேலும், தலையில் கண்களுக்கும் காதுகளுக்கும் இடைப்பட்ட பகுதியிலும், இடுப்பெலும்பின் மேலும் தொட்டுப் பாருங்கள். தசை மெலிவு முதலில் முதுகில்தான் தெரியத் தொடங்கும். எடைக்கருவி பழைய எண்ணையே காட்டினாலும், முதுகில் பள்ளம் விழுந்திருந்தால் அதை எடைக் குறைவுக்குச் சமமாகவே கருத வேண்டும்.

மூன்றாம் படி: எடை பார்ப்பதும் எழுதி வைப்பதும்

வளர்ந்த வீட்டுப் பூனைகள் பெரும்பாலும் 3.5 முதல் 5 கிலோ வரை இருக்கும் என்றாலும், ஒரு தனிப் பூனைக்கு இந்த எண் பெரிதாக உதவாது. சிற்றுடல் கொண்ட பெண் பூனைக்கு 3 கிலோ நிறைவான எடையாக இருக்கலாம். பெரிய உடல் கொண்ட மெய்ன் கூன் இன ஆண் பூனை 5 கிலோ இருந்தால் அது மெலிந்திருக்கக்கூடும். பூனையை அதன் சொந்தப் பழைய எடையோடு ஒப்பிடுவதுதான் பொருள் உள்ள ஒப்பீடு.

குழந்தைகளை எடை பார்க்கும் மின்னணுத் தராசு இதற்கு மிகவும் ஏற்றது. அது இல்லாதபோது பலரும் பூனையைத் தூக்கிக்கொண்டு மனிதருக்கான எடைக்கருவியில் தாங்கள் நின்று, பிறகு தங்கள் எடையைக் கழித்துக் கணக்கிடுகிறார்கள். இந்த முறையில் 100, 200 கிராம் வேறுபாடு எளிதாக நுழைந்துவிடும். மனிதருக்கு அது ஒன்றுமில்லை, பூனைக்கோ அது பெரிய அளவு. வேறு வழியில்லை என்றால் மூன்று முறை எடுத்துச் சராசரி பாருங்கள். எந்தத் தராசானாலும் ஒரே தராசு, ஒரே நேரம், உணவுக்கு முன் என்ற ஒழுங்கு இருக்க வேண்டும். பூனை தானாக ஏறி அமரும் பெட்டியையோ துணியையோ தராசில் வைத்து, அதன் எடையைக் கழித்துக்கொண்டால் போராட்டம் இன்றி வேலை முடியும்.

நலமான இளம் பூனைக்கு மாதம் ஒரு முறை போதும். 10 வயதைத் தாண்டிய பூனைக்கு இரண்டு வாரங்களுக்கு ஒரு முறை பார்ப்பது நல்லது. மெலிவு குறித்து ஐயம் இருந்தால் வாரம் ஒரு முறை பாருங்கள். தினமும் எடை பார்ப்பது குட்டிகளுக்கு மட்டுமே தேவை. வளர்ந்த பூனைக்கு அன்றாட ஏற்ற இறக்கம் வீண் பதற்றத்தைத்தான் தரும்.

குறைந்த எடையைப் பழைய எடையால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் சதவீதம் கிடைக்கும். 4.5 கிலோ இருந்த பூனை 4.1 கிலோ ஆகியிருந்தால், குறைந்தது 400 கிராம்தான். ஆனால் அது உடல் எடையில் ஏறத்தாழ 9 சதவீதம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் 5 கிலோவுக்கு மேல் இளைத்துப் போவதற்கு அது நிகரானது. சில வாரங்களில் 5 சதவீதம் குறைந்தால் மருத்துவரிடம் பேசுங்கள். எவ்வளவு மெதுவாகக் குறைந்திருந்தாலும் மொத்தம் 10 சதவீதத்தை எட்டிவிட்டால் பரிசோதனை கட்டாயம். மாதம் 50 கிராம் குறைவது எவர் கண்ணுக்கும் தெரியாது, கைக்கும் தெரியாது. ஓராண்டில் அது 600 கிராம் ஆகிவிடும். நாள்பட்ட சிறுநீரக நோயுள்ள பூனைகளில், நோய் கண்டறியப்படுவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே எடை சரியத் தொடங்கிவிடுவது ஆய்வில் தெரியவந்திருக்கிறது. வேறெந்த அறிகுறியும் இல்லாத அந்தக் காலத்தில் மாற்றத்தைக் காட்டக்கூடியது நீங்கள் எழுதி வைத்த எண்கள் மட்டுமே.

பருமனான பூனை தானாகவே இளைக்கும்போது மகிழ்ச்சி அடைய வேண்டாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உணவுக் கட்டுப்பாடு எதுவும் இல்லாமல் 7 கிலோ பூனை 6 கிலோ ஆனால், அது தோற்றத்தில் அழகாகியிருக்கலாம், உள்ளே நோயுற்றிருக்கவும் கூடும்.

ஒல்லியாக இருப்பதே இயல்பான பூனைகள்

சயாமிஸ், ஓரியன்டல், கார்னிஷ் ரெக்ஸ், அபிசீனியன் போன்ற இனங்கள் நீண்டு மெலிந்த உடல் கொண்டவை. அவற்றிலும் விலாவின் மேல் மெல்லிய மறைப்பும் முதுகில் நிறைந்த தசையும் இருக்க வேண்டும் என்ற விதி மாறுவதில்லை.

ஆறு மாதம் முதல் ஒரு வயது வரை உள்ள பூனைகள் நெட்டையாக, கால்கள் நீண்டு, உடல் ஒடுங்கித் தோன்றும். எலும்பு முந்தி வளர்ந்து தசை பிந்தி நிரம்பும் பருவம் அது. எடை மாதாமாதம் கூடிக்கொண்டே இருந்தால் கவலை வேண்டாம். குட்டிகளின் நிலை இதற்கு முற்றிலும் மாறானது. பிறக்கும்போது சுமார் 100 கிராம் இருக்கும் குட்டி, நாளொன்றுக்கு 10 முதல் 15 கிராம் வரை கூட வேண்டும். ஒரு நாள் முழுவதும் எடை கூடாமல் இருந்தாலே அது எச்சரிக்கை, குறைந்தால் அவசரம். பாலூட்டும் தாய்ப் பூனை, குட்டிகள் பால் மறக்கும் வரை இளைப்பதுண்டு. அந்தக் காலத்தில் அதன் உணவுத் தேவை வழக்கத்தைவிட இரண்டு மடங்குக்கும் மேல் போகும் என்பதால் வேண்டும் மட்டும் உண்ண விட வேண்டும்.

‘வயதாகிவிட்டது, அதனால் இளைக்கிறது’ என்ற விளக்கத்தை மட்டும் தயவுசெய்து ஏற்காதீர்கள். முதிய பூனைகளுக்குக் கொழுப்பையும் புரதத்தையும் செரிக்கும் திறன் குறைவது உண்மைதான். ஆனால் மருந்தால் கட்டுப்படுத்தக்கூடிய பல நோய்கள் வருவதும் இதே வயதில்தான். முதுமை என்று பெயரிட்டு விட்டுவிடுவதால் அந்த வாய்ப்பை இழப்பது பூனைதான்.

நான்காம் படி: உண்மையில் எவ்வளவு உண்கிறது என்று அளப்பது

“நன்றாகத்தான் சாப்பிடுகிறது” என்று சொல்பவர்களில் பலர், தட்டு காலியாவதைத்தான் பார்க்கிறார்கள். தட்டைக் காலி செய்தது யார், எவ்வளவு வைக்கப்பட்டது, எவ்வளவு மீந்தது என்பதைக் கிராம் கணக்கில் ஒரு வாரமாவது எழுதிப் பாருங்கள். வீட்டில் இரண்டு மூன்று பூனைகள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனி அறையில், கதவைச் சாத்தி உணவு வையுங்கள். ஒரு பூனை மற்றொன்றைச் சண்டையின்றி, வெறும் பார்வையாலேயே உணவுத் தட்டிலிருந்து விலக்கிவிடும். மனிதர்களுக்கு அது தெரியவே தெரியாது.

தேவையைக் கணக்கிட ஒரு வழி இருக்கிறது. ஓய்வாக இருக்கும் உடலுக்கு வேண்டிய ஆற்றல், கிலோவில் கணக்கிட்ட உடல் எடையின் 0.75 அடுக்கை 70-ஆல் பெருக்கினால் வரும் கிலோகலோரி. 3 கிலோ பூனைக்கு அது சுமார் 160, 4 கிலோவுக்கு 200, 5 கிலோவுக்கு 235 என்று வரும். கருத்தடை செய்யப்பட்ட, வீட்டில் வாழும் பூனைக்கு இதை 1.2-ஆல் பெருக்கலாம், அதாவது 4 கிலோ பூனைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 240 கிலோகலோரி. உலர் உணவில் 100 கிராமுக்குப் பெரும்பாலும் 350 முதல் 400 கிலோகலோரி வரை இருப்பதால் 60 முதல் 70 கிராம் வரை போதும். முக்கால் பங்குக்கு மேல் நீராக இருக்கும் ஈர உணவில் 100 கிராமுக்கு 100 கிலோகலோரிகூட இல்லாமல் இருக்கலாம். அப்படியானால் 240 முதல் 300 கிராம் வரை தேவைப்படும். உலர் உணவிலிருந்து ஈர உணவுக்கு மாற்றியபோது ‘ஒரு சிறு பொட்டலம்’ என்று எண்ணிக்கொண்டு பாதி ஆற்றலை மட்டுமே கொடுத்துவிடுவதும் மெலிவுக்கு ஒரு காரணம். உறையில் அச்சிட்டிருக்கும் ஆற்றல் அளவைப் பாருங்கள். பூனைக்குப் பூனை தேவை வேறுபடும் என்பதால் இந்த எண்களைத் தொடக்கப் புள்ளியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

என்ன உணவு என்பதும் கேள்விதான். பூனை இறைச்சி உண்டே வாழ வேண்டிய விலங்கு. டாரின் என்னும் அமினோ அமிலத்தை அதன் உடல் போதிய அளவு உண்டாக்கிக்கொள்ள முடியாது. உணவில் அது குறைந்தால் இதயத் தசையும் விழித்திரையும் கெடும். நாய் உணவு, சைவ உணவு, வெறும் இறைச்சி மட்டும் ஆகியவற்றை நெடுநாள் கொடுப்பது வயிற்றை நிரப்பும், உடலை நிரப்பாது. வயது வந்த பூனைக்கு ‘முழுமையான, சமச்சீர் உணவு’ என்று குறிக்கப்பட்டதே அடிப்படை உணவாக இருக்க வேண்டும்.

உண்ணும்போது அருகில் இருந்து கவனியுங்கள். தட்டின் அருகே ஆர்வமாக வந்து, முகர்ந்து, விலகிப் போகும் பூனைக்குக் குமட்டல் இருக்கலாம். ஒரு பக்கமாக மெல்லுவது, உணவைக் கீழே போடுவது, கொட்டாவி விடும்போது முனகுவது, எச்சில் ஒழுகுவது ஆகியவை பல்வலியின் அடையாளங்கள். பூனைகளுக்குப் பல்லின் வேர்ப்பகுதி அரித்துக் கரையும் நோய் மிகவும் பரவலானது, கடும் வலி தருவது. ஆனாலும் பூனை வலியை மறைத்துக்கொண்டு மெல்லாமல் விழுங்கிக்கொண்டே இருக்கும்.

நன்றாக உண்டும் மெலியும் பூனை

உணவு குறையாமல், அல்லது முன்னைவிடக் கூடுதலாக உண்டும் எடை குறைந்தால், காரணங்களின் பட்டியல் வெகுவாகச் சுருங்குகிறது. அதனால்தான் நான்காம் படியின் அளவீடு மருத்துவருக்கு அவ்வளவு பயன்படுகிறது.

10 வயதுக்கு மேற்பட்ட பூனையில் முதலில் ஐயப்பட வேண்டியது தைராய்டு மிகைச் சுரப்பு. பசி தீராமல் கத்தும், இரவில் உலாவும், முடி கலைந்திருக்கும், இதயம் விரைந்து துடிக்கும், சில பூனைகள் அடிக்கடி வாந்தி எடுக்கும். முதிய பூனை திடீரென்று இளமை திரும்பியதுபோல் துள்ளத் தொடங்கினால் வீட்டார் மகிழ்வார்கள். அதோடு எடையும் குறைந்தால் அது இந்த நோயாக இருக்கலாம். ரத்தத்தில் டி4 என்னும் தைராய்டு ஹார்மோனின் அளவைப் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். மெத்திமசோல் போன்ற மருந்து, அறுவை சிகிச்சை, கதிரியக்க அயோடின் என்று சிகிச்சைகள் இருக்கின்றன. கதிரியக்க அயோடின் பெரும்பாலான பூனைகளில் நோயை அறவே நீக்கிவிடுகிறது.

தண்ணீர் குடிப்பதும் சிறுநீர் கழிப்பதும் கூடியிருந்தால் நீரிழிவைச் சோதிக்க வேண்டும். பூனை மலசலம் கழிக்கும் மணல் தொட்டியான லிட்டர் தொட்டியில் சிறுநீரால் உருண்டு நிற்கும் கட்டிகள் பெரிதாகவும் அதிகமாகவும் இருப்பதே வீட்டில் தெரியும் முதல் அடையாளம். மருத்துவமனைப் பதற்றத்திலேயே பூனையின் ரத்தச் சர்க்கரை ஏறிவிடும் என்பதால், சில வார நிலவரத்தைக் காட்டும் ஃப்ரக்டோசமின் சோதனையையும் சேர்த்துப் பார்ப்பார்கள். காலம் தாழ்த்தாமல் சிகிச்சை தொடங்கிய பூனைகளில் சில, பின்னாளில் இன்சுலின் தேவைப்படாத நிலைக்கே வந்துவிடுவதும் உண்டு.

குட்டிகளிலும் வெளியே சென்று வரும் பூனைகளிலும் குடற்புழுக்களை மறக்கக் கூடாது. உடல் மெலிந்து வயிறு மட்டும் உப்பிய குட்டிக்கு உருண்டைப்புழு இருக்கலாம். ஆசனவாயைச் சுற்றி அரிசி மணி போன்ற துண்டுகள் தென்பட்டால் அது நாடாப்புழு. அது தெள்ளுப்பூச்சி வழியாகப் பரவுவதால் புழு மருந்தோடு பூச்சியையும் ஒழிக்க வேண்டும். நாய்களுக்கான பூச்சி மருந்தைப் பூனைக்குப் போடவே கூடாது. அவற்றில் சிலவற்றில் உள்ள பெர்மெத்ரின் பூனையைக் கொன்றுவிடும்.

நாள்பட்ட குடல் அழற்சியும், குடலில் மெதுவாக வளரும் ஒருவகை லிம்போமா புற்றும் வேறொரு வகை. வாந்தியும் தளர்ந்த மலமும் வந்துவந்து போகும். சில பூனைகளில் மெலிவைத் தவிர எதுவுமே இருக்காது. பூனை வாரந்தோறும் வாந்தி எடுப்பதைப் பூனைகளின் வழக்கம் என்று கருதிப் பழகியவர்கள் அதை மருத்துவரிடம் சொல்லவே மறந்துவிடுகிறார்கள். அது வழக்கமன்று.

உணவு குறைந்து மெலியும் பூனை

இந்தப் பட்டியல் நீளமானது. நாள்பட்ட சிறுநீரக நோய், பல் மற்றும் ஈறு நோய்கள், கணைய அழற்சி, கல்லீரல் நோய், புற்றுநோய், மூட்டுவலி, வைரஸ் தொற்றுகள் எல்லாமே பசியைக் குறைக்கும். மூக்கடைத்த பூனைக்கு உணவின் மணம் தெரியாது. மணம் தெரியாத உணவைப் பெரும்பாலான பூனைகள் தொடாது. இளம் பூனை காய்ச்சலோடு மெலிந்து, வயிற்றில் நீர் கோத்திருந்தால் எஃப்.ஐ.பி. எனப்படும் தொற்றுப் பெரிட்டோனிட்டிஸ் நோயைச் சோதிக்க வேண்டும். ஒரு காலத்தில் ஏறத்தாழ எப்போதும் உயிரைப் பறித்த அந்த நோய்க்கு இப்போது ஜி.எஸ்-441524, ரெம்டெசிவிர் போன்ற வைரஸ் எதிர்ப்பு மருந்துகளால் சிகிச்சை அளிக்க முடிகிறது. ஆகவே நம்பிக்கை இழந்து தாமதிக்க வேண்டாம்.

நோயில்லாத காரணங்களும் உண்டு. வீடு மாறியது, புதிய விலங்கோ குழந்தையோ வந்தது, உணவுத் தட்டு லிட்டர் தொட்டிக்கு அருகில் இருப்பது, உணவின் வகையைத் திடீரென்று மாற்றியது ஆகியவை பூனையின் பசியைக் குலைக்கும். இருந்தாலும் மன அழுத்தம் என்ற முடிவுக்கு, உடல்நோய் இல்லை என்று உறுதியான பின்னரே வர வேண்டும்.

காத்திருக்கக் கூடாத நிலைகள்

வளர்ந்த பூனை 24 மணி நேரம் முழுவதும் எதையும் உண்ணவில்லை என்றால் அன்றே மருத்துவரை அழையுங்கள். குட்டி என்றால் அவ்வளவு நேரம்கூடக் காத்திருக்க வேண்டாம். பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால், உடல் கொழுப்பு பெருமளவில் கல்லீரலுக்குள் திரண்டு அதைச் செயலிழக்கச் செய்யும் கொழுப்புக் கல்லீரல் நோய் உண்டாகக்கூடும். பருமனான பூனைகளுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். ‘பசித்தால் தானே சாப்பிடும்’ என்ற பிடிவாதம் பூனையிடம் உயிராபத்தாக முடியலாம்.

மெலிவோடு மூச்சுத் திணறல், ஈறு வெளுத்தோ மஞ்சளாகவோ இருத்தல், தொடர் வாந்தி, எழுந்து நிற்க இயலாமை, சிறுநீர் கழிக்க முடியாமல் முக்குதல் ஆகியவற்றில் எது இருந்தாலும் உடனே கொண்டு செல்லுங்கள். வலி இருக்குமோ என்று எண்ணி மனிதர் மருந்தைக் கொடுக்காதீர்கள். பாரசிட்டமால் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதுமானது.

ஐந்தாம் படி: மருத்துவரிடம் செல்லும்போது

எடைக் குறிப்பு, ஒரு வார உணவுக் கணக்கு, உணவின் உறை அல்லது அதன் படம், வாந்தி எடுத்த நாள்கள், கடைசியாகப் புழு நீக்க மருந்து கொடுத்த தேதி, முடிந்தால் புதிய மல மாதிரி ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். பூனை உண்ணும் முறை, நடக்கும் முறை ஆகியவற்றைக் கைப்பேசியில் படமெடுத்துக் காட்டினால், மருத்துவமனை மேசையில் உறைந்து அமர்ந்துவிடும் பூனையைப் பார்ப்பதைவிட அது மருத்துவருக்குப் பல மடங்கு செய்தி தரும்.

வாய், கழுத்து, வயிறு, இதயம் ஆகியவற்றைப் பார்த்த பிறகு, முழு ரத்த எண்ணிக்கை, சிறுநீரகம் மற்றும் கல்லீரல் சார்ந்த ரத்தச் சோதனை, சிறுநீர்ப் பரிசோதனை, மலப் பரிசோதனை, நடுவயதைத் தாண்டிய பூனைக்கு டி4 என்பவை வழக்கமான முதல் சுற்று. சிறுநீர்ப் பரிசோதனையைத் தேவையில்லை என்று தவிர்க்காதீர்கள். சிறுநீர் அடர்த்தி குறைவது பல நேரங்களில் ரத்தத்தில் கிரியாட்டினின் என்னும் கழிவுப்பொருள் ஏறுவதற்கு முன்பே சிறுநீரகத்தின் தளர்ச்சியைக் காட்டிக்கொடுக்கும். வைரஸ் சோதனைகள், ரத்த அழுத்தம், அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் ஆகியவை தேவைக்கு ஏற்பத் தொடரும். செலவைப் பற்றிய தயக்கம் இருந்தால் வெளிப்படையாகச் சொல்லி, எந்தச் சோதனை முதலில் தேவை என்று கேளுங்கள்; வரிசைப்படுத்தித் தருவது மருத்துவருக்கு இயலக்கூடியதே.

ஆறாம் படி: எடையை மீட்பது

காரணம் தெரிந்து சிகிச்சை தொடங்கிய பின், அல்லது காரணம் வெறும் உணவுக் குறைவுதான் என்று உறுதியான பின், எடை கூட்டும் வேலை தொடங்குகிறது. பூனையின் இரைப்பை சிறியது. அது இயல்பாகவே நாளெல்லாம் சிறுசிறு அளவாகப் பலமுறை உண்ணும். எனவே மொத்த உணவை நான்கு அல்லது ஐந்து வேளையாகப் பிரியுங்கள். ஈர உணவை உடல் வெப்பம் அளவுக்குச் சூடாக்கினால் மணம் எழும்பிப் பசியைத் தூண்டும். அளவை ஒரேயடியாக உயர்த்தாமல் சுமார் 10 சதவீதம் கூட்டி, ஓரிரு வாரம் எடையைப் பார்த்து, பிறகு மீண்டும் கூட்டுங்கள். புதிய உணவை ஏழு முதல் பத்து நாள்களுக்குள் பழைய உணவோடு சிறிது சிறிதாகக் கலந்து மாற்றுங்கள்.

ஆற்றல் செறிந்த குட்டிகளுக்கான உணவு, நலமான ஒல்லிப் பூனைக்கு நன்றாக உதவும். சிறுநீரக நோயுள்ள பூனைக்கு மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். உப்பும் மசாலாவும் எலும்பும் இல்லாத வெந்த கோழி இறைச்சியை ஆசை காட்டுவதற்கு மட்டும், மொத்த ஆற்றலில் பத்தில் ஒரு பங்குக்குள் வைத்துக்கொள்ளலாம். பால் பல பூனைகளுக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கி இருக்கும் எடையையும் குறைத்துவிடும். வெங்காயமும் பூண்டும் எந்த வடிவிலும் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை என்பதால், மனிதருக்கான சூப்பையோ குழந்தை உணவையோ கொடுக்கும் முன் அதில் என்ன சேர்ந்திருக்கிறது என்று படியுங்கள்.

வாயைத் திறந்து வலுக்கட்டாயமாக ஊட்டுவதை நான் ஆதரிப்பதில்லை. உணவு மூச்சுக்குழாய்க்குள் போகும் ஆபத்து ஒருபுறம். அந்த உணவையே வெறுத்து, நலமான பிறகும் தொடாமல் போவது மறுபுறம். குமட்டலுக்கு மருந்து, காதின் உட்புறம் தடவும் மிர்ட்டசாபின், வாய்வழி தரும் கேப்ரோமோரெலின் போன்ற பசி தூண்டும் மருந்துகள் ஆகியவற்றைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். அவையும் போதாதபோது சில நாள்களுக்கோ வாரங்களுக்கோ உணவு செலுத்தும் குழாய் பொருத்துவார்கள். பார்க்கத் துயரமாக இருந்தாலும், பூனைக்கு அது ஊட்டுவதைவிட மிகக் குறைந்த துன்பமே.

நெடுநாள் பட்டினி கிடந்து மீட்கப்பட்ட, எலும்பு தெரியும் பூனைக்கு இந்த விதிகள் பொருந்தா. இரக்கத்தால் வயிறு நிறையக் கொடுத்துவிட்டால், ரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் திடீரெனச் சரிந்து அது இறந்துபோகவும் கூடும். முதல் நாள் ஓய்வுநிலைத் தேவையில் கால் பங்கில் தொடங்கி, சில நாள்களில் படிப்படியாக முழு அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அதையும் ரத்தச் சோதனையோடு, மருத்துவரின் கண்காணிப்பில் செய்வதே பாதுகாப்பு.

சோதனைகளில் எதுவும் தெரியாதபோது

எல்லா முடிவுகளும் சரியாக வந்து, பூனை இன்னும் ஒல்லியாகவே இருக்கும் நிலையும் வரும். எடை நிலையாக இருக்கிறது, முதுகில் தசை இருக்கிறது, விளையாடுகிறது, முடி பளபளப்பாக இருக்கிறது என்றால், அந்த எடையையே அதன் இயல்பான எடையாகக் குறித்துக்கொண்டு, மாதம் ஒரு முறை பாருங்கள். எடை இன்னும் சரிந்துகொண்டே இருந்தால், முதல் சுற்றில் எதுவும் தெரியாதது நோய் இல்லை என்பதற்குச் சான்றாகாது. நான்கு முதல் ஆறு வாரங்களுக்குள் திரும்பச் சென்று, டி4 சோதனையை மறுபடி செய்யவும், குடலையும் கணையத்தையும் ஸ்கேன் செய்யவும், மயக்க மருந்து கொடுத்துப் பற்களை எக்ஸ்ரே எடுக்கவும் வேண்டுமா என்று கேளுங்கள். தொடக்கநிலைத் தைராய்டு நோயில் முதல் சோதனை இயல்பாக வருவதும், ஈறுக்கு அடியில் இருக்கும் பல் அரிப்பு வெறும் கண்ணுக்குத் தெரியாமல் போவதும் அடிக்கடி நிகழ்பவை. அந்த இடைவெளியில் வாராந்தர எடையை விடாமல் எழுதுங்கள். இரண்டாம் முறை செல்லும்போது மருத்துவர் முதலில் கேட்கப்போவது அந்த எண்களைத்தான்.